சி.ஏ. முதலிலா, குழந்தை முதலிலா? கடலூரிலிருந்து ஒரு கேள்வி

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது மஞ்சக்குப்பம். வயது 29, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பி.காம். 62 சதவீதம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டாலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., மாதக் கடைசி ஸ்டாக் எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் 40 பேர் வேலை செய்கிற இடம், சம்பளம் 24,000. வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. மாமியார் எங்களோடு இருக்கிறார், நல்ல ஆதரவு.

கேள்வி இதுதான். சி.ஏ. படிக்க வேண்டும் என்பது உறுதி. படித்து முடித்துவிட்டுக் குழந்தையா, குழந்தை பிறந்து கொஞ்சம் வளர்ந்த பிறகு படிப்பா? வேலையை எப்போது விடுவது? ஏ.சி.சி.ஏ. (பிரிட்டிஷ் அக்கவுண்டன்சி படிப்பு), சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்சி படிப்பு) என்று கோச்சிங் விளம்பரமும் வந்துகொண்டே இருக்கிறது. பொதுவாக "உன் மனசு சொல்றபடி செய்" என்று சொல்லாமல், மாதக் கணக்கோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பேரேடு:

தோழி, மாதக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

காமர்ஸ் பட்டதாரி 55 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் (நுழைவு நிலைத் தேர்வு) வேண்டாம், நேரே இன்டர்மீடியட்டில் (இடைநிலை, சுருக்கமாக இன்டர்) பதிவு செய்யலாம். உங்களுக்கு அது பொருந்தும். பதிவு செய்து எட்டு மாதம் கழித்துத்தான் முதல் தேர்வு. இன்டர் தேர்வு வருஷத்துக்கு மூன்று தடவை: ஜனவரி, மே, செப்டம்பர். செப்டம்பரில் எழுத வேண்டுமானால் டிசம்பர் கடைசிக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும்.

இனி எல்லாமே முதல் முயற்சியில் பாஸ் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள். முதல் வருஷம் செப்டம்பரில் இன்டர் இரண்டு குரூப்பும் (குரூப்புக்கு மூன்று தாள்). நவம்பரில் ரிசல்ட். அதன்பின் கம்ப்யூட்டர் (ஐ.டி.) பயிற்சி 15 நாள், ஓரியன்டேஷன் 15 நாள். டிசம்பரில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சி) தொடக்கம், முழுசாக இரண்டு வருஷம், மூன்றாம் வருஷம் நவம்பரில் முடியும். முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். அதாவது நாலாம் வருஷத்தின் பின்பகுதியில். மொத்தம் ஏறக்குறைய நாலு வருஷம். உங்களுக்கு 33 நடந்துகொண்டிருக்கும்.

அந்த "எல்லாமே முதல் முயற்சியில்" என்பதை நம்பிக் குடும்பத்தைத் திட்டமிடாதீர்கள். இன்டரில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 2024 மே மாதம் 18.42 சதவீதம், அதே வருஷம் செப்டம்பரில் 5.66 சதவீதம். கெட்டிக்காரர்களும் இரண்டாம் மூன்றாம் முயற்சிக்குப் போகிறார்கள். இன்டரில் ஒரு தடவை, ஃபைனலில் இரண்டு தடவை சறுக்கினாலே 34-ஐத் தாண்டிவிடும். ஆகவே "முடித்துவிட்டு" என்பதை எந்தத் தேதியோடும் சேர்த்துச் சொல்ல முடியாது. குழந்தையை அதற்குப் பின்னால் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காகப் படிப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சி.ஏ. மூன்று துண்டு: இன்டர், ஆர்ட்டிகிள்ஷிப், ஃபைனல். கர்ப்பமும் கைக்குழந்தையும் எந்தத் துண்டில் விழுகிறது என்பதுதான் கேள்வி. இன்டர் படிப்பில் விழலாம், ஃபைனலுக்கு முன் விழலாம். ஆர்ட்டிகிள்ஷிப்பில் மட்டும் விழக்கூடாது.

காரணம் சொல்கிறேன். ஆர்ட்டிகிள்ஷிப்பில் வாரம் 35 மணி நேரம் ஆபீஸ், அந்தக் காலத்தில் வேறு வேலை பார்க்க முடியாது. சாதாரண லீவு வருஷத்துக்கு 12 நாள். கூடுதலாக எடுத்தால் அத்தனை நாளும் பின்னால் சேர்ந்து நீளும். வேலையும் சமமாக வராது. ஏப்ரலில் பேங்க் பிராஞ்ச் ஆடிட். காலையில் விருத்தாசலம் அல்லது சிதம்பரம் போய், பிராஞ்ச் மூடிய பிறகும் அட்வான்ஸ் (கடன்) ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட், 30-ம் தேதி கெடு. பண்ருட்டி முந்திரி வியாபாரிகள் கணக்கெல்லாம் கடைசி வாரத்தில்தான் வந்து சேரும். எட்டு மாதக் கர்ப்பிணியோ, நாலு மாதக் குழந்தையின் அம்மாவோ அந்த வாரத்தில் அங்கே உட்கார முடியாது. உட்கார வேண்டிய அவசியமும் இல்லை.

என் முடிவு: வேலையை விடாமல் இன்டருக்குப் படியுங்கள், குழந்தையை இதனிடையே பெற்றுக்கொள்ளுங்கள், குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனதும் ஆர்ட்டிகிள்ஷிப்.

வரவுசெலவு:

பேரேடு சொன்னதற்குப் பணத்தின் பக்கத்திலிருந்து ஒன்று.

மகப்பேறு நலச் சட்ட விதிகளின்படி (இப்போது அவை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ளன) பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், மீதி பின்னால். உங்கள் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. கணக்கில் வரமாட்டீர்கள், கம்பெனிதான் தர வேண்டும். 24,000 வீதம் ஆறு மாதம், ஏறக்குறைய 1,44,000 ரூபாய்.

வேலையை விட்டு ஆர்ட்டிகிளாகச் சேர்ந்த பிறகு கர்ப்பம் என்றால் இந்தப் பணம் கிடையாது. அங்கே நீங்கள் பயிற்சி மாணவி, ஊழியர் இல்லை, கிடைப்பது ஸ்டைபெண்ட் என்ற சிறு பயிற்சித் தொகை. அது மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். இரண்டு வருஷச் சம்பள இழப்பு மட்டும் 5,76,000. அதோடு பிரசவச் செலவும் சேர்ந்தால் வீட்டுக்காரர் ஒருவர் சம்பளத்தில் தாங்குமா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எல்லாம் கையில் இருக்கட்டும். லீவு கேட்கும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து என்று எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை.

லாஸ்பேட்டை:

உடம்பு விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கருத்தரிக்கும் வாய்ப்பு 32 வயதுவாக்கில் மெதுவாகவும், 37-க்கு மேல் வேகமாகவும் குறைகிறது. 29-ல் பதறத் தேவையில்லை. ஆனால் 34-ல் தொடங்கினால் தடங்கல் வந்தால் சரிசெய்ய நேரம் குறைவு. 35-க்குள் என்றால் ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள், 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வந்தால், அந்த நாட்களில் தாங்க முடியாத வலி இருந்தால், இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் இப்போதே போய்க் காட்டுங்கள். போகும்போது இருவருமாகப் போங்கள். பெண்ணுக்கே ஐந்து மாதம் டெஸ்ட் எடுத்துவிட்டு, ஆணின் விந்துப் பரிசோதனையைக் கடைசியில் எழுதிக் கொடுக்கிற நிலைமை நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது முதல் வாரத்திலேயே முடிய வேண்டிய எளிய டெஸ்ட்.

தொடங்கும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி நாலையும் பார்த்துவிடுங்கள். ரூபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதம் கழித்துத்தான் கரு தரிக்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, பிறகு 12 வாரம் முடியும் வரை. கடலூர் அரசு மருத்துவமனையோ, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையோ, எது உங்களுக்கு வசதியோ அங்கே.

கொஞ்ச காலம் தள்ளிப்போடுவதாக இருந்தால் முறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அரசு மருத்துவமனையில் போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி நல்ல பாதுகாப்பு. ஆனால் நிறுத்தினால் கருத்தரிக்கும் நிலை திரும்ப ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். எட்டு மாதத்தில் தேர்வு முடிந்ததும் குழந்தை என்று நினைப்பவருக்கு அது ஒத்துவராது. காப்பர்-டி எடுத்தால் உடனே திரும்பும், மாத்திரையும் பெரிய தாமதம் செய்யாது.

தேர்வும் கர்ப்பமும் சேர்ந்தால்: முதல் 12 வாரம் வாந்தி, அசதி, தூக்கம். அதில் புது பாடம் ஏறாது. 14-லிருந்து 26-வது வாரம் வரை பெரும்பாலானவர்களுக்கு நல்ல காலம், தேர்வு அதில் அமைந்தால் நிம்மதி. கடைசி மூன்று மாதத்தில் கை வீங்கி விரல்கள் மரத்துப்போவது உண்டு. மூன்று மணி நேரம் விடாமல் எழுதுகிற பரீட்சைக்கு அது பெரிய இடைஞ்சல். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கிற உடம்பு அது. அந்த மாதங்களில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். ஏழாம் மாதம் இணை உணவு தொடங்கி, மாமியாரும் ஊட்ட முடிகிறபோது தினம் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

காஸ்ட்ஷீட்:

சி.ஏ. உறுதி என்கிறீர்கள். எதற்கு என்பதைச் சொல்லவில்லையே? அதைப் பொறுத்து விடை மாறும்.

கம்பெனி ஆடிட், டாக்ஸ் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுத் தனியாகத் தொழில் செய்ய வேண்டுமென்றால் சி.ஏ.தான், வேறு வழியில்லை. ஃபேக்டரியில் காஸ்டிங், பட்ஜெட், ஃபைனான்ஸ் மேனேஜர் என்று மேலே போக வேண்டுமென்றால் சி.எம்.ஏ.வைத் தள்ளிவிடாதீர்கள். பட்டதாரிக்கு நேரடி இன்டர். இன்டரில் 8 தாள், ஃபைனலில் 8 தாள், இரண்டிரண்டு குரூப். ஜூன், டிசம்பர் என வருஷத்துக்கு இரண்டு தேர்வு. பயிற்சி 15 மாதம். முக்கியமானது, அக்கவுண்ட்ஸ், காஸ்டிங் வேலையிலேயே இருப்பவர் அந்த வேலையையே பயிற்சியாகக் காட்ட வழி உண்டு. உங்கள் கம்பெனியும் உங்கள் வேலையும் அதற்குப் பொருந்துமா என்று இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தினால் சம்பளமும் போகாது, மகப்பேறு லீவும் போகாது. நெய்வேலியிலேயே இன்ஸ்டிட்யூட்டின் கிளை (சாப்டர்) இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே போய் நேரில் விசாரிக்கலாம்.

ஏ.சி.சி.ஏ. பற்றி இரண்டு வரி. மொத்தம் 13 தாள், பி.காம்.முக்குச் சில தாள் விலக்கு, ஒவ்வொன்றாக எழுதலாம், தாளுக்கு 50. குரூப் மொத்தம் என்ற தொல்லை இல்லாததால் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு வசதியான அமைப்புதான். ஆனால் கட்டணம் பவுண்டில், இங்கே ஆடிட் கையெழுத்து உரிமை இல்லை. சென்னையில் பன்னாட்டு கம்பெனி, வளைகுடா என்று போகிறவர்களுக்குப் பயன். கடலூரிலேயே இருக்கப்போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மகப்பேறு லீவுப் பணக் கணக்கு எங்கள் யோசனையிலேயே இல்லை. வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் படித்துக் காட்டினேன்.

காஸ்ட்ஷீட் கேட்டதற்கு: பின்னாளில் மஞ்சக்குப்பத்திலேயே சொந்தமாக ஆபீஸ் போட வேண்டும், ஆடிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் சி.ஏ.தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். இன்டரில் இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதுவதா, ஒவ்வொன்றாகவா? ஒவ்வொன்றாக என்றால் எது முதலில்? இடையில் குழந்தை வந்து ஒரு வருஷம் நின்றுவிட்டால் படித்தது வீணாகுமா?

பேரேடு:

நோக்கம் தெளிவாக இருப்பதால் இப்போது நேராகச் சொல்ல முடிகிறது.

இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு தாளிலும் 40, ஒரு குரூப்பில் மொத்தம் 150 வேண்டும். சேர்த்து எழுதி ஆறு தாளிலும் 40 எடுத்து, மொத்தம் 300 வந்துவிட்டால், ஒரு குரூப்பில் 145 இருந்தாலும் இரண்டும் பாஸ். ஆனால் அதற்கு 1,000 மணி நேரப் படிப்பு வேண்டும். ஆறு நாள் ஆபீஸ் போகிறவர் தினம் இரண்டரை மணி, ஞாயிறு ஏழு மணி என்றால் வாரம் 22 மணி நேரம்தான். ஒரு குரூப்புக்கு 500 மணி, அதாவது 23 வாரம். எட்டு மாதத்தில் ஒரு குரூப் நன்றாக முடியும், ரிவிஷனுக்கும் இடம் இருக்கும். இரண்டு குரூப் அரைகுறையாக முடியும். ஒன்றை எழுதுங்கள்.

அது முதல் குரூப்பாக இருக்கட்டும். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், கம்பெனிச் சட்டம், வரி. இவை பழசாகிற பாடங்கள். சட்டத்திருத்தம், பட்ஜெட் மாற்றம் எல்லாம் இங்கேதான் வரும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டமே புதியது. உங்கள் தேர்வுக்கு எது பொருந்தும் என்று ஐ.சி.ஏ.ஐ. (சி.ஏ. தேர்வு நடத்தும் இன்ஸ்டிட்யூட்) அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்குங்கள். சீனியர் கொடுக்கிற பழைய நோட்ஸை நம்ப வேண்டாம். இரண்டாம் குரூப்பில் காஸ்டிங்கும் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டும் ஒரு வருஷம் கழித்து எடுத்தாலும் அதே கணக்குதான். ஆகவே முதல் குரூப் பிரசவத்துக்கு முன், இரண்டாம் குரூப் குழந்தைக்கு எட்டு மாதம் ஆன பிறகு.

வீணாகுமா என்ற கேள்விக்கு: பாஸ் செய்த குரூப் அப்படியே நிற்கும், ஒரு வருஷ இடைவெளியால் போகாது. ஆபத்து எக்ஸம்ஷனில்தான். குரூப் தேறாமல் ஒரு தாளில் மட்டும் 60 எடுத்தால், அந்தத் தாளை அடுத்த மூன்று தேர்வுக்கு எழுத வேண்டாம். முன்பு வருஷத்துக்கு இரண்டு தேர்வு இருந்தபோது அது ஒன்றரை வருஷம். இப்போது மூன்று தேர்வு, ஒரே வருஷம்தான். நீங்கள் பிரசவத்தில் இருந்து எழுதாவிட்டாலும் அந்த மூன்றும் ஓடிவிடும். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழி புதிய திட்டத்தில் உண்டு, ஆனால் மீதித் தாள் ஒவ்வொன்றிலும் 40-க்குப் பதில் 50 எடுக்க வேண்டியிருக்கும். அதனால் "ஒரு தாளில் எக்ஸம்ஷன் வாங்கினால் போதும்" என்று இரண்டு தாளைக் கைவிட்டுப் படிக்காதீர்கள்.

உங்களைப்போல டாலியில் வேலை செய்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கவுண்டிங் தாளில்தான். எஃப்8 அழுத்தி என்ட்ரி போட்டுப் பழகிய கை, அமால்கமேஷன் (கம்பெனி இணைப்பு) கணக்குக்கு ஒர்க்கிங் நோட் எழுதும்போது நின்றுவிடும். டாலி தானாகச் செய்கிற டோட்டலையும் குரூப்பிங்கையும் இங்கே பேனாவால் செய்ய வேண்டும். பர்ச்சேஸ் கன்சிடரேஷன் (வாங்கும் விலை) தனிக் குறிப்பு, குட்வில்லா கேப்பிட்டல் ரிசர்வா என்பது தனிக் குறிப்பு, கடைசியில் பேலன்ஸ் ஷீட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே குறிப்பு எண். விடை தவறினாலும் குறிப்புக்கு மார்க் உண்டு. குறிப்பே இல்லாமல் வெறும் விடை எழுதினால், அது தவறினால் எல்லாம் போச்சு. தினம் ஒரு பெரிய கணக்கையாவது கடிகாரம் வைத்துத் தாளில் எழுதுங்கள். ஜி.எஸ்.டி.யிலும் இதே கதை. போர்ட்டலில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்பது உங்களுக்குத் தெரியும், ஏன் என்பதற்குச் சட்டப்படி காரணம் எழுதத்தான் தாளில் மார்க்.

தாளில் 30 மார்க் கொள்குறி வினா. இன்டரில் தவறுக்கு மார்க் கழிக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாதீர்கள்.

கோச்சிங்குக்குப் பெரிய தொகை கட்டும் முன் ஐ.சி.ஏ.ஐ. இலவசமாக நடத்தும் வகுப்புகளைப் பாருங்கள். ஸ்டடி மெட்டீரியல், ஆர்.டி.பி. (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), மாதிரித் தேர்வு மூன்றையும் முடித்தாலே இன்டருக்குப் போதுமானது. கர்ப்பம் தரித்தால் ஆறு மாதத்தில் காலாவதியாகும் வீடியோ கோர்ஸ் பணம் வீண். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கால நீட்டிப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜனவரித் தேர்வு உங்களுக்கு அமைந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதற்குத் தயாராகும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் நம் ஊர் மழைக்காலம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணைத் தண்ணீர் எங்கெல்லாம் வந்தது என்று கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட்டும் நெட்டும் இல்லாமலும் படிக்கிற மாதிரி அச்சுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும், உயரமான அலமாரியில்.

லாஸ்பேட்டை:

மேலே சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. செப்டம்பரில் முதல் குரூப் எழுதுவதானால் மே மாதத்திலிருந்தே முயற்சி தொடங்கலாம், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மே மாதமே தங்கினால் செப்டம்பரில் நடு மூன்று மாதத்தில் இருப்பீர்கள். ஜூலைக் கடைசிவாக்கில் தங்கினால் தேர்வு வாந்திக் காலத்தில் விழும். அப்படி ஆனால் அந்தத் தேர்வை விட்டுவிட்டு ஜனவரியில் எழுதுங்கள், அப்போது 26 வாரத்துக்குள்தான் இருக்கும். குழந்தை நாம் சொன்ன மாதத்தில் வராது, நகர்த்த முடிந்தது தேர்வுதான்.

கெடிலக்கரை:

புரிந்தது. இந்த வாரமே டிகிரி, மார்க் ஷீட் அட்டெஸ்ட் செய்து இன்டருக்குப் பதிவு போடுகிறேன். சனிக்கிழமை இருவருமாக டாக்டரிடம் போகிறோம். ஆர்ட்டிகிள்ஷிப்புக்குக் கடலூரிலேயே ஆபீஸ் பார்ப்பதா, புதுச்சேரியா?

பேரேடு:

அது இன்னும் இரண்டு வருஷம் கழித்து எடுக்க வேண்டிய முடிவு. அப்போது குழந்தையின் வயதையும் அத்தையின் உடல்நிலையையும் பார்த்துக்கொண்டு தேடுங்கள். ஒன்று மட்டும் இப்போதே மனதில் இருக்கட்டும்: சேர்வதற்கு முன்பே உங்களுக்குச் சின்னக் குழந்தை இருப்பதை ஆடிட்டரிடம் சொல்லி, ஏப்ரலிலும் செப்டம்பரிலும் வெளியூர் போக வேண்டியிருக்குமா என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்ததும் 103-ம் நம்பர் படிவம் (ஆர்ட்டிகிள்ஷிப் பதிவுக்கானது) 30 நாளுக்குள் போய்விட்டதா என்று நீங்களே ஆன்லைனில் பாருங்கள். ஆபீஸில் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டால், தாமதக் கணக்கு உங்கள் தலையில்தான் விழும்.